வாசல் கிழக்கு பார்த்த வண்டி

என் அப்பா எதையும் எடையாகத்தான் பார்ப்பார். ரங்கூனின் போட்டாதாங் படகுத்துறையில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் முப்பது வருஷம் நிறுவைக் குமாஸ்தாவாக இருந்தவர். அரிசி, பருப்பு, வெங்காயம் என்று தராசில் ஏறிய மூட்டைகளைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் மனிதர்களும் அவருக்கு மூட்டைகளாகிவிட்டார்கள். கல்யாண வீட்டுக்குப் போனால் மணவறையைப் பார்த்து, "மாப்பிள்ளை நாப்பது வீசை, பொண்ணு முப்பத்திரெண்டு" என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கிற மாதிரி சொல்லுவார். வீசை என்பது எங்கள் ஊரில் ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல், அவர் கணக்கு பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

அப்படிப்பட்டவர் குடும்பத்துக்கு முதல் முதலாக ஒரு கேரவன், அதாவது காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற சக்கர வீடு, வாங்கினார் என்றால் எடை பார்க்காமல் வாங்கியிருப்பாரா? பார்த்தார். எடையை மட்டும்தான் பார்த்தார்.

ரங்கூனில் கேரவன் வைத்திருந்த தமிழ்க் குடும்பம் எங்களைத் தவிர வேறு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. பணக்காரர்களும் இல்லை நாங்கள். தின்கன்ஜூன் பேட்டையில் மரவீடு, நான் ஒரு டியூஷன் வகுப்பில் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன், அப்பா அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். கேரவன் வாங்கக் காரணம் அம்மாவின் மூத்திரம். இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு வராது.

அம்மாவுக்குச் சர்க்கரை. அரை மணிக்கு ஒருமுறை போயாக வேண்டும். வீட்டில் இருக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. ஆனால் பங்குனி வந்தால் ஆற்றுப் பாலம் கடந்து தன்லியினைத் தாண்டி உள்ளே இருக்கும் அம்மன் கோயிலில் தீமிதி. அப்பா இருபது வருஷமாகத் தீ மிதிக்கிறவர். குழியின் இந்தப் பக்கம் அப்பா காப்புக் கட்டிக்கொண்டு நிற்பார். அந்தப் பக்கம் அம்மா மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு நிற்பாள். மிதித்து வருகிறவர்கள் காலிலெல்லாம் ஊற்றுவாள். அப்பா வந்து நின்றதும் கொஞ்சம் கூடுதலாக ஊற்றுவாள். வருஷம் முழுக்க இருவரும் சண்டை போடுவார்கள், அந்த ஒரு குடம் தண்ணீரில் எல்லாம் நேராகிவிடும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஒரு வருஷம் திருவிழா முடிந்து திரும்பும்போது பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் ஏதோ லாரி பழுது. அம்மா அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. உட்கார்ந்திருந்த இடத்திலேயே போய்விட்டது. பஸ்ஸில் பாதிப்பேர் எங்கள் ஜனம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவுக்கு அதுதான் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, "இனி நான் ஆத்தா கோயிலுக்கு வரமாட்டேன், என்னைக் கூப்பிடாதீங்க" என்று சொன்னாள். கோயில் மைதானத்தில் பெண்களுக்கென்று இருந்தது கோயிலுக்குப் பின்னால் உள்ள புதர்க்காடுதான். அதில் அரை மணிக்கு ஒருமுறை போய்வர அவளால் முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

மூன்று வருஷம் அம்மா போகவில்லை. நான் அவளுக்குத் துணையாக வீட்டில் இருந்துவிடுவேன். அப்பா, என் மாமாவோடு போய்வருவார். மாமா அம்மாவின் தம்பி, சின்ன நாலு சக்கர டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தவர், உலகத்தில் அவருக்குத் தெரியாதது எதுவும் கிடையாது என்பது அவரே சொன்னது. அப்பா வேட்டி ஓரமெல்லாம் மஞ்சளாக, கால் மஞ்சளாகத் திரும்பி வருவார். அம்மா அவரை உட்காரவைத்துப் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பாள். முன்பெல்லாம் இரண்டோ மூன்றோ கொப்புளம் கட்டாயம் இருக்கும். அந்த மூன்று வருஷமும் ஒன்றுகூட இல்லை.

"ஆத்தா உங்க கால குளுகுளுன்னு வச்சிருக்கா" என்பாள் அம்மா. சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுவாள். நான் கேட்டபோது ஒரே ஒரு தடவை சொன்னாள். தான் நின்று தண்ணீர் ஊற்றிய காலத்தில் கொப்புளம் வந்தது, தான் விலகியதும் வரவில்லை. அப்படியானால் ஆத்தாவுக்கே தான் வேண்டாம் போலிருக்கிறது என்றாள். என்ன சொல்லியும் அந்த எண்ணத்தை அவள் மனசிலிருந்து எடுக்க முடியவில்லை. எனக்குச் சாமி மேல் கோபம் வந்தது. அப்பா மேலும் வந்தது, ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

அப்பா வேலை பார்த்த கிட்டங்கியின் முற்றத்தில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி தன் இன்ஜினியர்கள் தங்கிய இரண்டு கேரவன்களைப் போட்டுவிட்டுப் போயிருந்தது. கோழி அடைந்து கிடந்த அவற்றை வந்த விலைக்குத் தள்ளிவிடப் போகிறார்கள் என்று காவல்காரப் பெரியவர் சொல்லியிருக்கிறார். பர்மாக்காரரான அவரை எல்லோரும் ஊலே, சித்தப்பா, என்றுதான் கூப்பிடுவோம். அன்றைக்கு வீட்டுக்கு வந்த அப்பா, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, உள்ளே கக்கூஸ் இருக்கிற வண்டி ஒன்று இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அம்மா ரசத்தை அவர் கை மேல் ஊற்றிவிட்டாள்.

நாங்கள் எல்லோருமாகப் பார்க்கப் போனோம். இரண்டில் ஒன்று சின்னது, முட்டை மாதிரி உருண்டை. மாமாவுக்கு அது பிடித்திருந்தது, வளைவில் அழகாகத் திரும்பும் என்றார். பெரியதில் நான்கு பேர் படுக்கலாம், ஸ்டவ் உண்டு, மூலையில் கதவு போட்ட கக்கூஸ். அப்பா படுத்துப் பார்க்கவேண்டும் என்றார். வெள்ளைக்காரன் உயரத்துக்குச் செய்த படுக்கையில் நாங்கள் நாலு பேரும் வரிசையாகப் படுத்துக் கூரையைப் பார்த்தோம். கோழி எச்சத்தின் வாடை. ஊலே வாசலில் நின்று வெற்றிலை மென்றுகொண்டே எங்களைப் பார்த்தார்.

அம்மா எழுந்துபோய்க் கக்கூஸுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். மாமா கதவைத் தட்டப்போனார், அப்பா தடுத்துவிட்டார். வெளியே வந்தபோது அம்மாவின் முகத்தில் மூன்று வருஷமாக நான் பார்க்காத ஒன்று இருந்தது.

"உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கு" என்றாள்.

பெரியதை எடுப்பது என்று முடிவாகிவிட்டது. அது கக்கூஸ் என்றாலும் தண்ணீர் ஊற்றும் கக்கூஸ் இல்லை, அடியில் ஒரு பெட்டி, அதை இழுத்துக் கொண்டுபோய்க் கொட்டவேண்டும். கொட்டுகிற உத்தியோகம் யாருக்கு என்ற பேச்சு வந்தபோது மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். பெண் பிள்ளையைக் கணக்கில் பட்டம் படிக்கவைத்தது வீண்போகவில்லை.

இனி இழுக்க ஒரு வண்டி வேண்டும். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசிக்கிறதா என்று அம்மா கேட்டாள். மாமா தன் டாக்சியைத் தள்ளிவிட்டு வேறு வண்டி எடுக்க இருந்தார். அப்பாவும் அதில் பங்கு போட்டார், கேரவனை இழுக்கிற மாதிரியான வண்டியாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. அதற்குப் பிறகு கார்த் தரகர்கள் கூடுகிற லபெயே டீக்கடையில் இருவருக்கும் தினமும் சண்டை. மாமாவுக்கு வெள்ளை ஜப்பான் கார் மேல் கண். குளிர்சாதனம், வெல்வெட் சீட், தன் மைத்துனி வீட்டு வாசலில் நிறுத்தினால் அழகாக இருக்கும். அப்பா அதன் முன்பக்கத்தைக் கையால் அழுத்திப் பார்த்தார், பின்பக்கத்தை அழுத்திப் பார்த்தார்.

"இது அஞ்ஞூறு வீசை. கேரவன் அறுநூத்திப் பத்து. இது அத இழுக்காது மாப்ளே, அதுதான் இத இழுத்துக்கிட்டு ஆத்துல எறங்கும்."

இழுக்கிறது இழுபடுகிறதைவிடக் கனமாக இருக்கவேண்டும் என்பது அப்பாவின் சட்டம். அதில் அவர் சொன்னது சரிதான், அதை இன்றைக்கும் ஒப்புக்கொள்கிறேன். கடைசியில் நீளமான ஒரு கிழட்டு ஜீப் கிடைத்தது. உடம்பு யுத்த காலத்தது, எஞ்சின் ஜப்பான், கியர் பாக்ஸ் எந்த நாடு என்று அதற்கே தெரியாது. அப்பா அதை லாரி நிறுக்கும் மேடையில் ஏற்றிப் பார்த்தார். எண்ணூற்று முப்பது வீசை. அப்படியே எங்களையும் ஏறச் சொன்னார். அம்மா மறுத்துவிட்டாள். அப்பா அவளைக் கண்ணாலேயே நிறுத்து, கிட்டங்கியில் எல்லோருக்கும் கேட்கும்படி எண்ணைச் சொன்னார். அன்று இரண்டு வேளை அவருக்குச் சோறு இல்லை.

கொக்கி பற்றவைத்தார்கள். டயர் மாற்றினார்கள். கேரவன் அகலம் ஜீப்பைவிட அதிகம், பின்னால் வருவது தெரியாது என்பதால் அம்மாவின் அலங்கார மேசைக் கண்ணாடியை மூங்கிலில் கட்டி ஜீப்பின் இடது பக்கம் நீட்டினோம். எங்கள் ஊரில் வண்டிகள் சாலையின் வலது பக்கம் போகும், ஸ்டியரிங்கும் வலது பக்கமே இருக்கும். மற்ற ஊர்க்காரன் கேட்டால் சிரிப்பான். டிரைவர் ஓரத்தில் உட்கார்ந்திருப்பதால் முந்திப் போக எதிரே வழி இருக்கிறதா என்று அவனுக்குத் தெரியாது. இடது சீட்டில் ஓர் ஆள் உட்கார்ந்து, போலாம், போகாதே என்று கத்தவேண்டும். அந்த உத்தியோகமும் எனக்குத்தான்.

ஒன்று பாக்கி. அம்மன் கோயில் பூசாரியைக் கூட்டிவந்து வண்டியைக் காட்டினோம். அவர் சட்டைப் பையிலிருந்து திசைகாட்டி ஒன்றை எடுத்தார், வண்டியைச் சுற்றி வந்தார், வாசற்படியில் நின்றார்.

"வாசல் கிழக்கு பார்த்திருக்கு. ரொம்ப விசேஷம்" என்றார்.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. மாமா கற்பூரம் கொளுத்தினார். சக்கரம் வைத்த வீட்டுக்கு ஏது கிழக்கு, நகர்ந்தால் திரும்பிவிடாதா என்று நான் கேட்டேன். எடக்குப் பேசாதே என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். எனக்கு என் புத்திசாலித்தனத்தில் பெருமையாக இருந்தது. வாசலை நான்கு பேரும் அன்று வெகுநேரம் நின்று பார்த்தோம், பொட்டு வைத்தோம், மாவிலைகூடக் கட்டினோம். அது வண்டியின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

எங்கள் சந்தில் அது நுழையாது என்பதால் திருவிழா அன்று காலையில் கிட்டங்கியிலிருந்தே கிளம்பினோம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. கிளம்பும்போது ஊலே கேரவனைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார். நம் சந்தோஷத்தில் எவ்வளவு பங்கெடுக்கிறார் பாருங்கள் என்றார் அப்பா.

பாலம்வரைக்கும் நன்றாகத்தான் போனது. முன்னத்தி ஏர் போன வழியில் பின்னத்தி ஏர் வரும் என்று மாமா ஒவ்வொரு திருப்பத்திலும் சொன்னார். பாலத்தில் நிறுத்த முடியாது. இறங்கி ஒரு மைல் போனதும் பின்சீட்டிலிருந்து அம்மா, "தம்பி, நிறுத்து" என்றாள். மாமா வலது ஓரத்தில் பள்ளத்தை ஒட்டி நிறுத்தினார். அம்மா இறங்கிக் கேரவனின் வலது பக்கமாகப் போனாள். அங்கே வெறும் தகரம். ஜன்னல் ஒன்று இருந்தது. சுற்றி வந்தாள். இடது பக்கம், நட்டநடுச் சாலையைப் பார்த்து, மாவிலைத் தோரணத்தோடு வாசல்.

அந்தக் கேரவன் சாலையின் இடது பக்கம் போகும் நாட்டுக்காகச் செய்தது. அங்கே இடது பக்கம்தான் ஓரம். இங்கே அதன் கதவைத் திறந்தால் பஸ் மோதும். இழுத்துவிடும் படிக்கட்டு சாலையில் பாதியை அடைக்கும். மாமா, வண்டியைத் திருப்பி நிறுத்தலாம் என்றார். கேரவனைப் பின்னால் தள்ளித் திருப்பத் தெரியுமா என்று அப்பா கேட்டார். எல்லாம் தெரிந்த மாமா முதல் தடவையாக, தெரியாது என்றார்.

அம்மா இரண்டு கால்களையும் ஒட்டிக்கொண்டு நின்றாள். அப்படிக் கால்களை ஒட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்ததை நான் பாலத்துப் பஸ்ஸில் பார்த்திருக்கிறேன்.

அப்பா தோள் துண்டை எடுத்தார். நடுச் சாலைக்குப் போய்த் துண்டை இரண்டு கையாலும் அகல விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். தூரத்தில் வந்த பஸ் ஹாரன் அடித்தது. அவர் அசையவில்லை. பஸ் நின்றது, அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் ஒரு சிமெண்ட் லாரி. அம்மா படி ஏறி உள்ளே ஓடினாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது.

பஸ் கண்டக்டர் தலையை நீட்டி என்ன பழுது என்று பர்மிய மொழியில் கேட்டான். ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். டயர் என்றிருக்கலாம். அப்பா முப்பது வருஷம் ஆற்றின் அக்கரைக்குக் கேட்கும்படி எடை கூவிய அதே குரலில், என் சம்சாரம் உள்ளே ஒன்றுக்குப் போகிறாள் என்றார். சிமெண்ட் லாரிவரைக்கும் கேட்டிருக்கும். பஸ் முழுக்கச் சிரித்தது.

நான் உள்ளே ஓடினேன். கூப்பிட்டதும் தாழ்ப்பாளை நீக்கினாள். எல்லாம் முடித்துவிட்டு மூடி மேல் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். "வண்டியத் திருப்பச் சொல்லு. வீட்டுக்குப் போயிரலாம்" என்றாள். வாங்கியது, நிறுத்தது, பற்றவைத்தது எல்லாம் வீணாகப் போகிறது என்று எனக்குத் தோன்றியது. அப்பாவை அடிக்கவேண்டும் போலிருந்தது, நிஜமாகவே.

அப்போது வாசலில் யாரோ தட்டினார்கள். மஞ்சள் சேலையில் ஓர் அம்மாள், பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவள்.

"அக்கா, ஆச்சா? எனக்கும் அவசரம். பாலத்துலேருந்து அடக்கிக்கிட்டு வாறேன்."

அவள் பின்னால் இரண்டு பேர். அவர்களுக்குப் பின்னால் பர்மாக்காரப் பெண்கள், தலையில் பூவோடு, வேண்டுதலுக்கு வருகிறவர்கள். எட்டிப் பார்த்தால் பஸ்ஸிலிருந்து இன்னும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள். எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"ஒவ்வொருத்தரா வாங்க" என்றாள். "தாழ்ப்பாள் நல்லா விழும்."

பெட்டியைக் கொட்டப் போகிறவள் நான் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் நினைவில்லை. பரவாயில்லை.

அந்த முதல் அம்மாள் வெளியே வந்து படியில் நின்றாள். நடுச் சாலையில் துண்டோடு நின்ற அப்பாவைப் பார்த்துவிட்டு, இவர் உங்கள் வீட்டுக்காரரா என்று அம்மாவைக் கேட்டாள்.

"நம்ம மஞ்சத்தண்ணி அண்ணன்தானே இவுக. மூணு வருசமா குழிக்கு அந்தப் பக்கம் நின்னு எங்க கால்லயெல்லாம் இவுகதானே ஊத்துறாக. முன்னல்லாம் மிதிப்பாக, இப்ப ஏன் மிதிக்கிறதில்ல?"

எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. கொப்புளம் இல்லாத பாதம். மஞ்சளான வேட்டி ஓரம். மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். ஊர்க்கதை எதையும் அரை நாள்கூட வயிற்றில் வைத்திருக்காத மாமா, குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

அம்மா படியிறங்கி நடுச் சாலைக்குப் போனாள். பஸ்ஸும் லாரியும் பார்த்துக்கொண்டிருக்க அப்பாவுக்கு எதிரே நின்றாள். நானும் பின்னாலேயே போனேன்.

"ஏன் மிதிக்கல?"

அப்பா துண்டை இறக்கவில்லை. அம்மாவைப் பார்க்காமல் சிமெண்ட் லாரியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எதுத்தாப்ல நீ இல்ல. யாரப் பாத்து நடக்கிறது?"

இதை வீட்டிலேயே சொல்லியிருந்தால் அம்மா மூன்று வருஷம் அடுப்படியில் அழுதிருக்கமாட்டாள். எங்கள் வீட்டு ஆண்களுக்கு ஒரு சொல் எத்தனை வீசை என்று எனக்குத் தெரியாது, தூக்கவே மாட்டார்கள். கோபமும் அழுகையும் எனக்குச் சேர்ந்தே வந்தன. அம்மா அழவில்லை. திரும்பி நடந்து, "வண்டிய எடு தம்பி, நேரமாகுது" என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் குழியின் அந்தப் பக்கம் அம்மா குடத்தோடு நின்றாள். நடுவில் இரண்டு முறை கேரவனுக்கு ஓடிவந்தாள், வரிசையில் நின்ற பெண்கள் அவளுக்கு மட்டும் வழிவிட்டார்கள். அப்பா காப்புக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து நின்றார். அவர் நெருப்பைப் பார்க்கவே இல்லை. நேராக அம்மாவைப் பார்த்துக்கொண்டு நடந்து வந்தார். வயசாகிவிட்டது, முன்பு மாதிரி வேகம் இல்லை.

பிறகு அவரைக் கேரவன் படியில் உட்காரவைத்தாள். பூசாரி போகிற வழியில் பார்த்துவிட்டு, வாசல் மேற்கு பார்த்தல்லவா நிற்கிறது என்று முகம் சுளித்தார். அம்மா அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்து அப்பாவின் பாதத்தை மடியில் வைத்துத் திருப்பினாள். வலது காலில் ஒன்று, இடது காலில் ஒன்று, நல்ல பெரிய கொப்புளங்கள். அவற்றை விரலால் சுற்றித் தடவிப் பார்த்தாள். அப்புறம்தான் அழுதாள்.

"வலிக்குது" என்றார் அப்பா.

"வலிக்கட்டும்" என்று சொல்லி, குடத்தில் மீதியிருந்த தண்ணீர் முழுவதையும் அவர் காலிலேயே ஊற்றினாள்.